பூட்டிய வீட்டின் வாசலில் விருந்து

ஜெர்மனியில் நான் வேலை பார்த்த கோழித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அடுத்த வேலை வரும்வரை அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வராது. பலெர்மோவில் இரண்டு பேரைத் தெரியும். ஒருவன் யோகன். நெல்லியடியில் எட்டாம் வகுப்புவரை என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். அதற்குமேல் அவன் படித்தான், நான் படிக்கவில்லை. மற்றவன் பீனோ. ஜெர்மனியில் ஒரு பீட்சாக் கடைச் சமையலறையில் நாலு வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று மா பிசைந்தவன். பிறகு மனைவி என்ஸாவோடு சொந்த ஊரான பலெர்மோவுக்கே திரும்பிவிட்டான். இவனுக்கு அவனைத் தெரியாது, அவனுக்கு இவனைத் தெரியாது. சேர்த்துவைத்தது நான். அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

கப்பல் காலையில் துறைமுகத்தில் விட்டது. யோகனிடம் போகும் பஸ் வரும் என்று ஒருவர் கைகாட்டிய இடத்தில் நின்றேன். வரவில்லை. இன்னொருவர் வேறு இடத்தைக் காட்டினார். அங்கும் வரவில்லை. மூன்றாவது ஆள் சிரித்துவிட்டு, "இன்று வேலைநிறுத்தம், நடந்து போ" என்றார். முன்னிருவருக்கும் அது தெரிந்துதான் இருக்கவேண்டும். தெரியாது, இல்லை, வராது என்று முகத்துக்கு நேரே சொல்ல இந்த ஊரில் ஆட்களுக்கு மனம் வருவதில்லை என்பது எனக்குக் கிடைத்த முதல் பாடம். அதைப் பாடம் என்று நான் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை.

யோகன் இருப்பது அல்பெர்கேரியாவில், பலாரோ சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில். மூன்றாம் மாடி. ஒரு அறை, மூன்று கட்டில். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சுவரில் ஈரம் ஏறி, இலங்கைப் படம் போல ஒரு கறை. யாழ்ப்பாணம் இருக்கவேண்டிய இடத்தில் ஆணி அடித்துச் சட்டை தொங்கவிட்டிருந்தான்.

சந்தைக்கு இறங்கினோம். வியாபாரிகள் கத்துகிற கத்தலில் யாரோ அடிபடுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். கத்தரிக்காய்க்குத்தான் அவ்வளவு சத்தம். யோகன் எனக்குப் பனெல்லே வாங்கித் தந்தான். கடலைமாவைக் கூழாகக் காய்ச்சி, பரப்பி ஆறவிட்டு, துண்டு போட்டுப் பொரிக்கிறார்கள். அதை எள்ளுப் பாணுக்குள் வைத்து, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். ஒரு பச்சை மிளகாய் மட்டும் வெட்டிப் போட்டிருந்தால் நம்முடைய ஆட்கள் கண்டுபிடித்தது என்று சண்டை பிடித்திருக்கலாம்.

"அறை எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டேன்.

"அதைக் கேளாதை" என்றான் யோகன். "எல்லாம் சரி மச்சான். பெர்மெஸ்ஸோ இருக்கு, சம்பளத் துண்டு இருக்கு. வீடு ஒண்டுதான் இல்லை."

"அப்ப இது என்ன, கோழிக்கூடோ?"

"கோழிக்கூட்டுக்கு ஆர் கொன்றாத்தோ எழுதித் தருவினம்? காசை வாங்குவினம், கையெழுத்து வைக்கமாட்டினம்."

கொன்றாத்தோ என்றால் வாடகை ஒப்பந்தம். பெர்மெஸ்ஸோ என்பது இங்கே இருப்பதற்கான அனுமதி. ஊரிலிருந்து குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமானால் இரண்டும் வேண்டும். குடும்பம் இருக்கப் போதுமான வீடு என்று நகரசபை ஆள் வந்து பார்த்து எழுதித் தரவும் வேண்டும். யோகனின் மனைவி கலாவும் மகள் தர்சினியும் நெல்லியடியில் இருக்கிறார்கள். தர்சினிக்கு மார்கழியில் பதினெட்டு ஆகிறது. அதற்கு முன் விண்ணப்பம் போகாவிட்டால் அவள் பிள்ளை என்ற கணக்கில் வரமாட்டாள். மனைவியைப் பிறகும் கூப்பிடலாம். ஆனால் மகளைத் தனியே விட்டுவிட்டு வர கலாவுக்கு மனமில்லை. ஆகவே மகள் வந்தால் இருவரும் வருவார்கள். இல்லையென்றால் ஒருவரும் இல்லை. நான் போயிறங்கியது புரட்டாதி முடியும் நேரம்.

அடுத்த நாள் அவனோடு மொண்டெல்லோவுக்குப் போனேன். அங்கே ஒரு கடற்கரை உணவகத்தில் அவன் கோப்பை கழுவுகிறான். கோடை முடியும் வேளை. கடலைப் பார்க்க வந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். பின்கட்டில் நின்று நானும் கொஞ்சம் கழுவிக் கொடுத்தேன். சும்மா நிற்பது எனக்குக் கூச்சம். முதலாளி எட்டிப் பார்த்து, "இவனும் உன் அண்ணனா?" என்றார். யோகன் ஓம் என்று தலையாட்டினான். "உங்கள் நாட்டில் எல்லோரும் அண்ணன்தான், ஆனால் ஒருவனுக்கும் வீடு இல்லை" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். யோகனும் சிரித்தான். எனக்குக் கையில் இருந்த தட்டைப் போட்டு உடைக்கவேண்டும் போல இருந்தது. அலம்பி அடுக்கில் வைத்தேன்.

சனிக்கிழமை ஒரேத்தோவில் பீனோவின் வீட்டுக்கு இருவரும் போனோம். பீனோ என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் அறைந்தான். தொப்பை வைத்திருந்தான். ஜெர்மனியில் அவன் என்னைப்போல ஒட்டிய கன்னத்தோடு இருந்தவன். இங்கே அவன் இருக்கையில் சாய்ந்து உட்காரும் விதமே வேறு. சொந்த ஊரில் இருக்கிறவன் நாற்காலி முழுவதையும் எடுத்துக்கொள்கிறான். யோகன் நாற்காலியின் நுனியில் இருந்தான்.

சாப்பாட்டுக்கு நடுவே யோகனின் கதையைப் பீனோவுக்குச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஜெர்மன்தான். பீனோ இரண்டு கையையும் தூக்கினான்.

"மலையில் என் மாமா கலோஜெரோ இருக்கிறார். அவர் வீட்டோடு ஒட்டி இன்னொரு வீடு, மூன்று அறை, யாரும் இல்லாமல் கிடக்கிறது. காலையில் நகரத்துக்கு பஸ் உண்டு. நாளைக்கே அப்பாவின் காரில் போவோம். சாப்பிட்டு, காப்பி குடித்த பிறகு நான் மெல்லப் பேச்சை எடுக்கிறேன். பார்ப்போம்."

என்ஸா பீனோவை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்துபோய் முலாம்பழம் வெட்டினாள்.

திரும்பி வரும்போது யோகன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். சந்தின் முனையில் நின்று, "உன்ர ஆள் நல்ல மனுசன் போலதான் இருக்கு" என்றான். அவன் அப்படிச் சொன்னால் உள்ளே குதிக்கிறான் என்று அர்த்தம்.

ஞாயிறு காலை வந்து நின்ற காரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிஸ்கட் டின்னுக்குச் சில்லுப் பூட்டியது போல நாற்சதுரமாக இருந்தது. வெள்ளை என்று நினைக்கிறேன். பின் கதவுகளில் ஒன்று திறக்காது. மற்றதால் ஏறி ஒருவரையொருவர் தாண்டி உட்கார வேண்டும். என் பக்கத்துக் கண்ணாடி விழாமல் வைன் போத்தல் தக்கை செருகியிருந்தது. செத்துப்போன தகப்பனின் கார் என்பதால் பீனோ அதை விற்கமாட்டான். நம்முடைய மினிபஸ்களில் பிள்ளையார் இருக்கும் இடத்தில் தாடிவைத்த ஒரு புனிதர் ஆடிக்கொண்டிருந்தார். பீனோ அவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் திறப்பைத் திருப்பினான். இரண்டாம் முறை தொட்டபோதுதான் இயந்திரம் பிடித்தது.

நகரம் திடீரென்று முடிகிறது. கடைசி மாடிவீட்டுக்குப் பக்கத்தில் பழைய மெத்தைகளும் குளிர்ப்பெட்டிகளும் கொட்டிக் கிடக்க, அதற்கு அடுத்ததாக ஆடு மேய்கிறது. பிறகு மலை. கோடையில் எரிந்த சரிவுகள் கறுப்பாக இருந்தன. எரியாதவை காய்ந்த மஞ்சள். இத்தாலி என்றால் நாட்காட்டிப் படத்தில் பச்சையாக இருக்கும். இது வெயிலில் நிற்கும் வன்னியில் மரத்தை வெட்டிவிட்டுக் கல்லைக் கொட்டியது போல இருந்தது. வேலியெல்லாம் நாகதாளி. அதன் பழத்தைப் பறித்து, தோல் சீவி, தெருவோரத்தில் விற்கிறார்கள்.

"இது உங்கள் ஊர்ப் பழம். இந்திய அத்தி என்றுதான் நாங்கள் சொல்வோம்" என்றாள் என்ஸா.

"எங்களுக்கு இது ஆடு வராமல் தடுக்கிற முள்ளு" என்று யோகன் இத்தாலியனில் சொன்னான். அன்றைக்கு அவன் பகிடி விட்டது அது ஒன்றுதான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏற்றம் கூடக்கூட கார் முனகியது. பீனோ சூட்டுக் காற்றை உள்ளே திறந்துவிட்டான், இயந்திரம் குளிருமாம். வெளியே வெயில், உள்ளே அடுப்பு. கலோஜெரோவின் வீட்டுக்குத் திரும்பும் கல்லுப்பாதையின் அடியில் புகை கக்கி நின்றுவிட்டது. பீனோ மேற்சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றி மூடியைத் திறந்தான். கொதிநீர் பீறிட்டது. என்ஸா செருப்பைக் கழற்றிவிட்டு ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். வீடு மேலே தெரிந்தது. "நீ போய்த் தண்ணீர் வாங்கி வா, நாங்கள் காரை நிழலுக்குத் தள்ளுகிறோம்" என்றான் பீனோ. யோகன் ஏற்கெனவே காரின் பின்னால் கைவைத்துவிட்டான். நான் மட்டும் மேலே ஏறினேன்.

கலோஜெரோ முற்றத்துத் திராட்சைப் பந்தலின் கீழ் இருந்து வாதாங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கட்டையான மனிதர், தொப்பி, எண்பதுக்குக் கிட்டிய வயது. பீனோவின் நண்பன் என்று என் ஓட்டை இத்தாலியனில் சொன்னதும் எழுந்து கைகொடுத்தார். குழாயைத் திறந்து வாளியை வைத்தார். நீர் நூலாக வந்தது. வாளி நிறையும்வரை என்ன செய்வது? எனக்குப் பொறுமை கிடையாது. பக்கத்தில் பூட்டிய வீடு, நீலக் கதவு, கதவுக்கு முன் காய்ந்த தொட்டிகள். அதைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். என் நண்பன். நல்லவன். மனைவி தூரம், மகள் தூரம். வீடு, கொன்றாத்தோ. மகளுக்கு மார்கழியில் பதினெட்டு, பிறகு முடிந்தது.

கிழவர் கவனமாகக் கேட்டார். பிறகு மோவாயைச் சற்றே மேலே தூக்கி, கண்ணை அரைவாசி மூடி, நாக்கைப் பல்லில் ஒட்டி இழுத்து, "ச்சு" என்றார்.

எங்கள் ஊரில் பக்கத்து வீட்டு மாடு செத்தாலும் உச்சுக் கொட்டாமல் ஒருவரும் படலையைத் தாண்டமாட்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாட்டில் இத்தனை பேரிடம் இப்படியான கதைகளைச் சொல்லியிருக்கிறேன். ஜெர்மன்காரன் இதற்கெல்லாம் முகத்தை அசைப்பதே இல்லை. இந்தக் கிழவர் உச்சுக் கொட்டுகிறார். நானும் அவரோடு சேர்ந்து, ச்சு, ச்சு என்று இரண்டு முறை கொட்டித் தலையை ஆட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரியாக உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, என் கன்னத்தில் தட்டி, உள்ளே போய் ஒரு சின்னக் கிளாசில் வைன் கொண்டுவந்து தந்தார்.

வாளியோடு கீழே இறங்கியபோது பாதித் தண்ணீர் என் காலில்.

"என்னடா, முகம் சிரிக்குது?" என்றான் யோகன்.

"கேட்டிட்டன்."

"கேட்டிட்டியோ? காப்பி குடிச்சாப்பிறகு தான் கேக்கிறனெண்டெல்லோ பீனோ சொன்னவர்!"

"கிழவருக்கு நல்லாப் பாவமாப் போச்சு. கன்னத்திலை தட்டினவர், வைன் ஊத்தித் தந்தவர். இதுக்கு மேலை என்ன வேணும்?"

"கொன்றாத்தோ எண்டு சொன்னனியோ?"

"சொன்னனான்."

"தாறன் எண்டு வாயாலை சொன்னவரோ?"

"நீ என்ன பொலிஸோ? மனுசன்ர முகத்தைப் பாத்தா விளங்காதோ? இப்ப போய் மேசையிலை அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டு அவருக்கு வெறுப்பேத்தாதை. சாப்பிடு, நன்றி சொல்லு, அவ்வளவுதான்."

யோகன் கையைத் துடைத்துக்கொண்டான். காருக்கு மறுபக்கம் போய், சட்டையைத் தட்டி, கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரிக்கொண்டான்.

மேசையைப் பந்தலுக்குக் கீழே, பூட்டிய வீட்டின் வாசலோடு சேர்த்துப் போட்டார்கள். அங்கேதான் நிழல். கலோஜெரோ தனியே சமைத்துச் சாப்பிடுகிறவர். மலைச் சோம்புக் கீரை போட்ட பாஸ்தா, உப்பில் ஊறிய ஒலிவ், வேகவைத்த அவரை, காலையில் ஆட்டுக்காரன் கொண்டுவந்த புது ரிக்கோத்தா. அது நம் தயிருக்கும் திரைந்த பாலுக்கும் இடையில் ஒன்று. கிழவர் முதல் தட்டை எனக்கும் இரண்டாவதை யோகனுக்கும் வைத்தார். பீனோவுக்குக் கடைசி. "விருந்தாளிகளிடம் பழகக் கற்றுக்கொள்" என்று மருமகனைத் திட்டினார். யோகன் வழமையாக ஒரு கரண்டிக்கு மேல் வாங்கமாட்டான். அன்று மூன்று முறை வாங்கினான்.

இடையில் கிழவர் பீனோவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் பேச்சுமொழியில் ஏதோ சொன்னார். என்னை நோக்கிக் கையைக் காட்டினார். பீனோ திரும்பி வந்து என் தோளை அழுத்திப் பிடித்தான். நானும் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன்.

காப்பிக்குப் பிறகு யோகன், "மாமா, வீட்டை ஒருமுறை பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேட்டான். கிழவருக்கு அதில் பெருமை. திறப்பை எடுத்துவந்து நீலக் கதவைத் திறந்தார். உள்ளே தரையெல்லாம் பூப்போட்ட ஓடு, மூடிய வீட்டு வாசம், துணி போர்த்திய கட்டில்கள். தான் கல் சுமந்து கட்டியது என்றார். கடைசி அறையின் சன்னலைத் தள்ளித் திறந்தார். பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. "இது என் மகனின் அறை. டொரினோவில் இருக்கிறான்" என்றார். யோகன் தொலைபேசியை எடுத்து வீடு முழுவதையும் படம் பிடித்தான். கிழவர் அவனுக்காக விளக்குகளைப் போட்டுக் கொடுத்தார். சமையலறையில் தண்ணீர் வருகிறதென்று குழாயையும் திறந்து காட்டினார்.

படத்தை வீட்டுக்கு அனுப்பினான். மகள் உடனேயே குரல்பதிவாகப் பதில் அனுப்பினாள். யோகன் முற்றத்தில் நின்று எனக்கும் கேட்கவைத்தான்.

"அப்பா! அந்தச் சன்னல் வைச்ச அறை எனக்கு. இப்பவே சொல்லிப்போட்டன். அம்மா அழுறா, நீங்கள் கதையுங்கோ."

பிறகு கலாவின் குரல். "உண்மையோ? உங்கடை பகிடியில்லைத்தானே?"

"ஓம், ஓம். இஞ்சைதான் நிக்கிறன். ஆள் தங்கமான மனுசன்."

புறப்படும்போது யோகன் கிழவரின் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னான். "அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றார் அவர். ஒரு பிளாஸ்டிக் கூடை ரிக்கோத்தாவை அவன் மடியில் வைத்து, கார்க் கதவைச் சாத்தினார். பாதை திரும்பும்வரை கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இறக்கத்தில் கார் நன்றாகவே ஓடியது. பீனோ இயந்திரத்தை நிறுத்திவிட்டு உருளவிட்டான், பெற்றோல் மிச்சமாம். காற்றுச் சத்தம் மட்டும். என்ஸா முன்னிருக்கையிலிருந்து திரும்பி எங்கள் இருவரையும் கனிவாகப் பார்த்தாள்.

"உங்களைப் போல மனிதர்களை நான் கண்டதில்லை" என்று இத்தாலியனில் சொன்னாள். "மாமா முடியாது என்று சொன்ன பிறகும் முகம் வாடாமல் இருந்து சாப்பிட்டீர்கள். எங்கள் ஆட்கள் என்றால் தட்டைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். மாமா இனி ஒரு மாதம் உங்களைப் பற்றித்தான் பேசுவார்."

அவள் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதியை நம்ப முடியவில்லை. யோகனுக்கு முழுவதும் விளங்கியது. அவன் என் பக்கம் திரும்பினான்.

"உன்னட்டை அந்தாள் என்ன சொன்னவர்?" என்று தமிழில் கேட்டான்.

"நான்தான் சொன்னனே. பாவப்பட்டு உச்சுக் கொட்டினவர்."

"செய்து காட்டு."

"என்னத்தை?"

"அந்தாள் செய்த மாதிரியே செய்து காட்டடா."

காட்டினேன்.

"தலை?"

"கொஞ்சம் மேலை போனது. கண்ணை மூடினவர்."

யோகன் ரிக்கோத்தாக் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அது இல்லை எண்டு அர்த்தம்" என்றான். "இஞ்சை பச்சைப் பிள்ளையளுக்கும் தெரியும். 'முடியாது, போ' எண்டு அர்த்தம். அதுக்கு நீ என்ன செய்தனி?"

"நானும் ரெண்டுதரம்..."

அவன் சிரிக்கத் தொடங்கினான். கேட்கச் சகிக்கவில்லை அந்தச் சிரிப்பு. என்ன பகிடி என்று என்ஸா கேட்டாள். யோகனே இத்தாலியனில் எடுத்துச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பீனோ காரை ஓரத்தில் நிறுத்தி, என்னிடம் ஜெர்மனில் சொன்னான்.

"மாமா சொன்னார்: நான் முடியாது என்றேன், அவனே 'இல்லை, இல்லை, சிரமப்படாதீர்கள்' என்பது போல இரண்டு முறை சொல்லிவிட்டான், பெருந்தன்மையான ஆள் என்று. அதனால்தான் நான் திரும்பக் கேட்கவில்லை."

"திரும்பு. மேலே போவோம். நீ கேள். நீ கேட்கிறேன் என்றுதானே கூட்டிவந்தாய்?"

பீனோ ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டாலும் தரமாட்டார். உங்கள்மேல் வெறுப்பு இல்லை. ஒப்பந்தம் எழுதினால் வீடு கையைவிட்டுப் போய்விடும் என்று பயம். மகன் ஒருநாள் திரும்பி வருவான் என்று பூட்டி வைத்திருக்கிறார். எனக்கே ஒருமுறை தரவில்லை."

"உனக்கே தரவில்லையா? அது நேற்று உனக்குத் தெரியாதா?"

"பார்ப்போம் என்றுதானே சொன்னேன்" என்றான் பீனோ. "நீ இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். மலையைப் பார்த்தாய், நன்றாகச் சாப்பிட்டோம். ஒரு நல்ல ஞாயிறு."

பார்ப்போம் என்றால் அவனுக்கு ஊரைப் பார்ப்பது. கேட்டுப் பார்ப்பது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஜெர்மனியில் பீட்சாக் கடை முதலாளி எங்களுக்கு விடுமுறை இல்லை என்று சொன்னபோது, பீனோ மேசையில் மாக்கையால் அறைந்து, இல்லை என்றால் முதலிலேயே சொல் என்று கத்தியவன். அங்கே அவனும் வந்தவன். இங்கே அவன் மருமகன்.

யோகன் தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தான். படத்தை அழிக்கப் பார்த்தான். அவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள் என்று அது காட்டியது. கலாவின் தமக்கைக்கும் போயிருந்தது. தமக்கை கைகூப்பிய படம் ஒன்று அனுப்பியிருந்தாள்.

"பத்து நாடு சுத்தினனி" என்றான் என்னைப் பார்க்காமலே. "ஒரு 'இல்லை' தெரியாதோடா உனக்கு?"

பத்து நாட்டிலும் எனக்கு இல்லை என்று வாயைத் திறந்துதான் சொன்னார்கள். சிலர் கத்திச் சொன்னார்கள்.

கார் மறுபடி கிளம்ப மறுத்தது. நானும் யோகனும் இறங்கித் தள்ளினோம். ரிக்கோத்தாவை இருக்கையில் வைத்தான். திரும்பி ஏறியபோது அதன் நீர் வழிந்து இருக்கை நனைந்திருந்தது. அதன்மேலேயே உட்கார்ந்தான். அந்த ரிக்கோத்தாவை மறுநாள் சீனி போட்டுச் சாப்பிட்டோம். வீட்டில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, நான் கட்டிலில் இருக்க, யோகன் சன்னலோடு நின்று வீட்டுக்குப் பேசினான். உண்மையைச் சொல்லப்போகிறான் என்றே நினைத்தேன்.

"கலா, ஒரு கூடாத செய்தி. அந்தக் கிழவர் மோசம் போயிட்டார்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவன் கையைக் காட்டி என்னை அடக்கினான்.

"ஓம், நேற்று இரவுதான். நெஞ்சு நோ. எங்களோடை நல்லா இருந்து சாப்பிட்டவர்... மகன்காரனோ? வருவான். அவன் விக்கப் போறானாம். அவனோடை கதைச்சுப் பிரயோசனம் இல்லை... பிள்ளையிட்டை நீர் சொல்லும். நான் பேந்து கதைக்கிறன்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "என்ன பாக்கிறாய்? தரமாட்டனெண்டு சொல்லிப்போட்டு மூண்டு தட்டுச் சோறு போட்டவர் எண்டு சொன்னா ஆருக்கு விளங்கும்? நான் உளறிப்போட்டன் எண்டுதான் நினைப்பாள். செத்தா ஆரும் ஏனெண்டு கேக்கமாட்டினம்."

அந்தக் கிழமை முழுவதும் வீடு தேடினோம். ஒரேத்தோவில் ஒரு வீட்டுக்காரச் சினியோரா தொலைபேசியில் சரி என்றாள், எங்களைக் கண்டதும் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். ஒருவர் ஒப்பந்தம் எழுதலாம், ஆனால் வேறு ஆளின் பேரில் என்றார். இருவர் "பார்ப்போம்" என்றார்கள். கீழ்வீட்டில் இருக்கும் மொரீசியஸ்காரருக்குத் தமிழ்ப் பெயர், தமிழ் பேச வராது, கதவில் வேல் படம். அவர் தன் எஜமானியிடம் கேட்டுப் பார்த்தார். அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று கேட்டபோது மோவாயைத் தூக்கி நாக்கைச் சொடுக்கினார். எனக்கு அது உடனே விளங்கியது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வீடு கிடைக்கவில்லை. மார்கழி வந்தது, போனது.

அதே கிழமை, நான் கப்பலேற வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். யோகன் தன் இரண்டாவது வேலைக்கு, மாடிப்படி கழுவப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். தொலைபேசி மணியடித்தது. மகளின் குரல், பின்னால் கோயில் மணி.

"அப்பா, நான் கோயில்லை நிக்கிறன். அந்தத் தாத்தாவுக்கு மோட்ச விளக்கு வைக்கச் சொல்லி அம்மா விட்டவ. எங்களுக்கு வீடு தாறனெண்ட மனுசன் எல்லே. ஐயர் பேர் கேக்கிறார். கெதியா எழுதி அனுப்புங்கோ."

வைத்துவிட்டாள்.

"வேண்டாமெண்டு சொல்லடா" என்றேன். "மனுசன் அங்கை வாதாங்கொட்டை உடைச்சுக்கொண்டிருக்கும்."

"பிள்ளை ஐயருக்கு முன்னாலை நிக்குது. என்னெண்டு சொல்ல?" என்று எழுதத் தொடங்கினான். "கலோ... அதுக்குப் பிறகு ஜெவோ, செவோ?"

"ஜெ."

கலோஜெரோ என்று தமிழில் எழுதி அனுப்பினான். ஒரு சப்பாத்தோடு காத்திருந்தான். உடனே பதில் வந்தது. நட்சத்திரமும் வேண்டுமாம்.

யோகன் கொஞ்சம் யோசித்தான். பிறகு 'உத்தரம்' என்று எழுதி அனுப்பினான்.

"அது ஆற்றை நட்சத்திரம்?" என்று கேட்டேன்.

"என்ரை" என்றான். "வேற ஒண்டும் உடனை ஞாபகம் வரேல்லை."

மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.